யாரும் பறிக்காத பதினெட்டுக் கிலோ: மாதிரியெடுப்பைக் கணினியில் கற்பித்த ஒரு நிகழ்வு ஆய்வு

உயர்தர வர்த்தகப் பிரிவில் வணிகப் புள்ளிவிபரவியல் படிப்பிக்கிற எல்லாருக்கும் தெரிந்த இடம் அது. இடை (சராசரி), இடையம், ஆகாரம், நியம விலகல் (எண்கள் இடையைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பது) வரை பிள்ளைகள் துள்ளிக்கொண்டு வருவார்கள். மாதிரிப் பரம்பல் என்று கரும்பலகையில் தலைப்பு எழுதியதும் வகுப்பு அடங்கிப்போகும். ஒரு பெரிய கூட்டத்திலிருந்து திரும்பத் திரும்பச் சிறு மாதிரிகள் எடுத்தால் அவற்றின் இடைகள் எப்படிப் பரவும் என்பதுதான் அது. சூத்திரத்தைக் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள், பரீட்சையில் அதில் எண்ணைப் போட்டு விடையும் எடுப்பார்கள். ஆனால் "எதனுடைய நியம விலகல் இது?" என்று கேட்டால் பதில் வராது.

இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில் உள்ள ஒரு தமிழ்மொழிப் பாடசாலையில், தரம் 13இல் 24 பிள்ளைகளோடு இந்த அத்தியாயத்தை வேறு விதமாக நடத்திப் பார்த்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். பெரும்பாலான பிள்ளைகள் தேயிலைத் தோட்டத்து லயன் குடியிருப்புகளிலிருந்து வருகிறவர்கள். கணினி ஆய்வுகூடத்தில் பத்துக் கணினிகள், அவற்றில் எட்டு வேலை செய்கின்றன. ஒன்றுக்கு மூன்று பேர்.

முதல் தடவை நடந்தது

இதற்கு முந்தைய வகுப்புக்கும் நான் கணினியில்தான் காட்டினேன். ஆயத்தமாகக் கிடைத்த ஒரு மென்பொருளை புரொஜெக்டரில் போட்டு, ஒரே தட்டில் பத்தாயிரம் மாதிரிகள் எடுத்தேன். மணி வடிவ வளைவு கண்முன்னால் எழும்பி நின்றது. பிள்ளைகள் வாயைத் திறந்து பார்த்தார்கள். பத்து நிமிடத்தில் மைய எல்லைத் தேற்றம் (மாதிரி பெரிதாகப் பெரிதாக மாதிரி இடைகள் மணி வடிவில் பரவும் என்பது) முடிந்தது என்று நினைத்தேன்.

தவணைப் பரீட்சையில் தெரிந்தது. மாதிரியின் பருமன் கூடினால் என்ன நடக்கும் என்ற கேள்விக்கு வகுப்பில் பாதிக்கு மேல் "குடித்தொகை செவ்வன் பரம்பலாக மாறும்" என்று எழுதியிருந்தார்கள். குடித்தொகை என்பது மாதிரி எடுக்கிற முழுக் கூட்டம், செவ்வன் பரம்பல் என்பது அந்த மணி வடிவம். நாம் பெரிய மாதிரி எடுக்கிறோம் என்பதற்காக ஊரில் இருக்கிற ஆட்களின் நிறை மாறிவிடுமா? ஆனால் திரையில் அவர்கள் கண்டது அதைத்தான்: ஒரு படம் இருந்தது, அது இன்னொரு படமாக மாறியது. எந்தப் புள்ளி எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது.

இது என் வகுப்பில் மட்டும் நடக்கிற பிழையும் இல்லை. அமெரிக்காவில் டெல்மாஸ், கார்ஃபீல்ட், சான்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் மாதிரிப் பரம்பலைக் கணினியில் கற்பித்ததைப் பற்றி 1999இல் வெளியிட்ட ஆய்வில் இதுபோன்ற குழப்பங்களைக் காட்டியிருக்கிறார்கள். மென்பொருள் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பார்த்துக்கொண்டிருப்பதால் மட்டும் விளக்கம் வருவதில்லை. என்ன வரும் என்று முதலில் மாணவரே சொல்லி, பிறகு அதைக் கணினியில் சோதித்து, தான் சொன்னதும் வந்ததும் முட்டிக்கொள்ளும்போதுதான் மாற்றம் தெரிந்தது. இந்தத் தடவை நான் எடுத்துக்கொண்ட அடிப்படை அதுதான்.

தமிழில் நமக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. "மாதிரி" என்ற சொல்லை வீட்டில் நாம் வேறு பொருளில் நாள் முழுக்கச் சொல்கிறோம். அம்மா மாதிரி, அண்ணன் மாதிரி. ஆரம்பத்தில் நான் கொடுத்த சிறு வினாத்தாளில் ஒரு பையன் எழுதியது: "மாதிரி என்பது குடித்தொகை மாதிரியே இருக்கும்." அவனைக் குறை சொல்ல முடியாது, சொல்லே அவனை அங்கே கொண்டுபோய் விடுகிறது. எழுமாற்று என்ற சொல் அதற்கு நேர்மாறு. வீட்டில் யாரும் அதைச் சொல்வதில்லை, அதனால் அது எந்தப் படத்தையும் எழுப்பாது. "கண்ண மூடிக்கிட்டு எடுக்கிறது" என்று ஒரு மாணவி சொன்னாள். அதையே வகுப்பில் வைத்துக்கொண்டோம்.

கற்பனை டிவிஷன்

உண்மையான தோட்டத் தரவை நான் எடுக்கவில்லை. பிள்ளைகளின் அம்மாமார் எத்தனை கிலோ தேயிலைக் கொழுந்து பறித்தார்கள் என்பது அன்றைய பேரோடும் (பதிவாகும் நாள் வேலையோடும்) சம்பளத்தோடும் சேர்ந்த விடயம். முழுப்பேர் விழுந்த வீட்டையும் அரைப்பேர் விழுந்த வீட்டையும் வகுப்பில் அடையாளம் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

அதனால் 400 தொழிலாளர் உள்ள ஒரு கற்பனை டிவிஷனை (தோட்டத்தின் ஒரு பிரிவை) நானே செய்தேன். செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப்பதிவு) இலக்கம் 1 முதல் 400 வரை. அதில் பாதிப் பேர் செங்குத்தான பழைய மலையில் நிற்கிறார்கள், அவர்களுடைய ஒருநாள் கொழுந்து 13.5 கிலோவைச் சுற்றி வரும். மீதிப் பாதி நல்ல தளிர் உள்ள மலையில், 22.5 கிலோவைச் சுற்றி. முழு டிவிஷனுக்கும் இடை 18 கிலோ, நியம விலகல் 5 கிலோ வரும்படி எண்களைச் சரிப்படுத்தினேன். வலையுருவரையம் வரைந்தால் ஒட்டகத்தின் முதுகுபோல இரண்டு திமில், நடுவில் பள்ளம். சராசரி 18 கிலோ, ஆனால் 18 கிலோ பறித்தவர் அநேகமாக யாருமே இல்லை.

இப்படி ஒரு குடித்தொகையை வேண்டுமென்றே தெரிந்தெடுத்தேன். குடித்தொகையே மணி வடிவில் இருந்தால், மாதிரி இடைகளும் மணி வடிவில் வரும்போது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும்.

கூடை

முதல் பாடவேளையில் கணினியைத் திறக்கவே இல்லை. 400 துண்டுக் கடதாசியில் கிலோவை எழுதி, மடித்து, ஒரு கொழுந்துக் கூடைக்குள் போட்டோம். ஒவ்வொருவரும் கண்ணை மூடி நான்கு துண்டு எடுக்க வேண்டும், இடையைக் கணிக்க வேண்டும், கரும்பலகைக் கோட்டில் உரிய இடத்தில் ஒரு புள்ளி போட வேண்டும், துண்டுகளைத் திரும்பப் போட்டுக் கலக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு தடவை, 48 புள்ளிகள்.

தொடங்கும் முன் எல்லாரையும் படம் வரையச் சொன்னேன். நாற்பத்தெட்டுப் புள்ளியும் எப்படி நிற்கும்? ஒரு சிலரைத் தவிர எல்லாரும் இரண்டு திமில் வரைந்தார்கள். குடித்தொகை மாதிரியே.

முதல் பத்துப் புள்ளி வரை ஒன்றும் தெரியவில்லை, சிதறிக் கிடந்தது. இருபதைத் தாண்டியதும் முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை, "சேர், நடுவுல சேருது" என்றாள். பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் புள்ளிகள் ஏறிக்கொண்டிருந்தன. 13இலும் 23இலும் ஒன்றிரண்டு மட்டும். யாருமே பறிக்காத பதினெட்டுக் கிலோவைச் சுற்றித்தான் குவியல்.

"பதினெட்டு யாருக்குமே இல்லையே, எங்கேயிருந்து வந்துச்சு?" இந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை, பின்வரிசைப் பையன் கேட்டான். பத்தாயிரம் மாதிரி எடுத்த அந்தப் பழைய வகுப்பில் ஒருவர்கூட இதைக் கேட்டதில்லை. விடையையும் அவர்களே சொன்னார்கள். நாலு பேரும் சரிவு மலைக்காரராக வருவது அபூர்வம், பதினாறில் ஒரு தடவை. இரண்டு பேர் இங்கே இரண்டு பேர் அங்கே என்று வருவதுதான் கூட, பதினாறில் ஆறு. கலந்து வந்தால் இடை நடுவில் விழும்.

இந்த இடத்தில் கொசெட்டின் கதையைச் சொன்னேன். டப்ளினில் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை செய்த வில்லியம் கொசெட்டுக்குச் சிறிய மாதிரிகளோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. சிறு மாதிரியின் இடை எவ்வளவு ஆடும் என்பதற்குத் தான் கண்ட கணித விடையைச் சரிபார்க்க, 3000 குற்றவாளிகளின் உயரத்தையும் இடது கை நடுவிரலின் நீளத்தையும் 3000 அட்டைகளில் எழுதினார். நன்றாகக் குலுக்கி, நான்கு நான்காக எடுத்து, 750 மாதிரிகளை உண்டாக்கினார். 1908இல் "ஸ்டூடன்ட்" என்ற புனைபெயரில் வெளிவந்த கட்டுரை அது. "கம்பியூட்டர்" என்ற ஆங்கிலச் சொல்லே கணக்குப் போடும் மனிதரைக் குறித்த காலம். "அவரும் நாலுதான் எடுத்தாரா?" என்று கேட்டவளின் முகத்தை இன்னும் நினைத்துப் பார்க்கிறேன்.

கணினி

இரண்டாம் பாடவேளையில்தான் ஆய்வுகூடம். லிப்ரே ஆபீஸ் கால்க் போதும், இணையம் தேவையில்லை. ரேண்ட்பிட்வீன் என்ற சார்பு 1 முதல் 400 வரை ஒரு எண்ணைத் தரும், இன்டெக்ஸ் அந்தச் செக்ரோல் இலக்கத்துக்குரிய கிலோவைக் கொண்டுவரும். ஒரு வரிசை ஒரு மாதிரி, கடைசிக் கட்டத்தில் இடை. கூடைக்குள் கை விடுவதற்குப் பதில் இது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை, ஏனென்றால் கை விட்டவர்கள் அவர்கள்தான்.

வரிசையைக் கீழே இழுத்து 500 மாதிரிகள் எடுத்தோம். பருமன் 4, பிறகு 16. குடித்தொகையின் நியம விலகல் 5ஐ மாதிரிப் பருமனின் வர்க்கமூலத்தால் வகுத்தால் நியம வழு, அதாவது மாதிரி இடைகளின் நியம விலகல்: நான்குக்கு 2.5, பதினாறுக்கு 1.25. கணினிகளில் வந்தது 1.22, 1.27, 1.24 என்று. எட்டுக் கணினிக்கும் எட்டு விடை, ஆனால் எல்லாம் ஓரிடத்தைச் சுற்றி. நாலு மடங்கு வேலை செய்தால் வழு பாதிதான் குறைகிறது என்பதைக் கண்டு ஒருவன் மனம் உடைந்துபோனான். உழைப்புக்கேற்ற கூலி இல்லையாம்.

கூடை காட்டாத இரண்டு விடயங்களைக் கணினி காட்டியது. 25 பேர் எடுத்தபோது ஒரு குழுவினர், இலக்கம் 212 இரண்டு தடவை வந்திருக்கிறது, கணினி பழுது என்று கூப்பிட்டார்கள். அடுத்த குழுவிலும் ஒரு இலக்கம் இரட்டை. எடுத்தவரைத் திரும்பப் போட்டு எடுக்கிற முறையில், 400 பேரில் 25 பேரை எடுத்தால் யாராவது இரண்டு தடவை வருவதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 0.53. பாதிக்கு மேல்! பிள்ளைகளை மனதிலிருந்து 25 இலக்கம் எழுதச் சொன்னேன், ஒருவர்கூட ஒன்றை இரண்டு தடவை எழுதவில்லை. எழுமாற்று என்று மனிதர் நினைப்பது ஒன்று, எழுமாற்றாய் நடப்பது இன்னொன்று.

மற்றது தற்செயலாக நடந்தது. ஒரு மாணவி ஓரக் கட்டத்தில் தன் பெயரைத் தட்டச்சு செய்தாள். "சேர், பேர்தான் எழுதினேன், நம்பரெல்லாம் மாறிப்போச்சு!" கால்க் ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிய மாதிரியை எடுத்துவிடும். வேண்டியதைச் சூத்திரமில்லாமல் வெறும் மதிப்பாகப் பிரதிசெய்து ஒட்டிக்கொள்ளாவிட்டால் போனது போனதுதான். அன்று அது தொழில்நுட்பத் தொல்லையாகத்தான் எனக்குப் பட்டது. அடுத்த வகுப்பில் அதன் பெறுமதி தெரிந்தது.

நடுவில் ஒருநாள் மழையோடு கரண்ட் போய்விட்டது. கூடையையும் எழுமாற்று எண் அட்டவணையையும் எடுத்தோம். ஆங்கிலேயப் புள்ளிவிபரவியலாளர் டிப்பெட் 1927இல் வெளியிட்ட அப்படிப்பட்ட அட்டவணையில் 41,600 இலக்கங்கள், தொகைமதிப்பு அறிக்கைகளிலிருந்து பொறுக்கியவை.

அழிறப்பர்

நம்பிக்கை ஆயிடைக்கு வந்தோம்: குடித்தொகையின் இடை இதற்குள் இருக்கும் என்று மாதிரியிலிருந்து கணிக்கிற எல்லை அது. ஆளுக்கு ஒரு மாதிரி, பருமன் 25, நியம வழு 1. இடையிலிருந்து 1.96ஐக் கூட்டியும் கழித்தும் 95 சதவீத ஆயிடையை எழுத வேண்டும். ஒரே தடவைதான் விசையைத் தட்டலாம், வந்ததைக் கொப்பியில் எழுத வேண்டும் என்று சொல்லியிருந்தேன்.

24 ஆயிடைகளும் வந்தன. இருபத்துநான்குக்குள்ளும் 18 இருந்தது. அப்படி நடக்கக் கூடாது என்றில்லை, 0.95ஐ 24 தடவை பெருக்கினால் 0.29. நானும் நம்பியிருப்பேன். கொப்பிகளைப் பார்த்துக்கொண்டு போகையில் ஒரு கொப்பியில் கடதாசி தேய்ந்து பஞ்சுபோல் எழும்பியிருந்தது. மேலே 18.4 என்று அழுத்தமாக எழுதியிருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அடியில் 15.7.

"என்னம்மா, இந்த இடத்துல அழிச்சிருக்க?"

"பிழையா வந்துருச்சு சேர். மத்த எல்லாருக்கும் பதினெட்டு உள்ளுக்குள்ள இருக்கு. எனக்கு மட்டும்தான் இல்ல. இன்னொருக்கா அமுக்குனேன்."

அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. பிடிபட்டதற்காக என்று முதலில் நினைத்தேன். அதற்காக இல்லை, தான் கணக்கில் பிழை விட்டுவிட்டதாக அவள் உண்மையாகவே நம்பியிருந்தாள்.

அவளுடைய 15.7ஐக் கரும்பலகையில் எழுதினேன். ஆயிடை 13.74 முதல் 17.66 வரை, 18 வெளியே. கூட்டலில் பிழை இல்லை, பெருக்கலில் பிழை இல்லை. அந்த 25 பேரும் விசை தட்டியதோடு மறைந்துவிட்டார்கள், ஆனாலும் யார் வந்திருப்பார்கள் என்று வகுப்பாகக் கணக்குப் பார்த்தோம். 15.7 வர வேண்டுமென்றால் 19 பேரளவில் சரிவு மலைக்காரராக இருந்திருக்க வேண்டும். நடக்கக்கூடியதுதான், அடிக்கடி நடக்காதது. நூறு ஆயிடையில் ஐந்து தவறும் என்று சூத்திரமே சொல்கிறது. இருபத்துநான்கில் சராசரியாக ஒன்று, அல்லது கொஞ்சம் கூட. அந்த ஒருத்தி இவள். வகுப்பிலேயே முறைப்படி சரியாகச் செய்து, தவறிய ஆயிடையைப் பெற்றவள்.

"வேற யார் ரெண்டாந்தரம் அமுக்கினது?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு இரண்டு கை மெதுவாக எழும்பியது.

இதை நான் நீளமாக எழுதக் காரணம் இருக்கிறது. கணினி தருகிற பெரிய வசதி, மறுபடி எடுப்பதற்குச் செலவே இல்லை என்பது. அதுவேதான் ஆபத்தும். களத்துக்குப் போய் 25 வீட்டுப் படி ஏறித் தரவு எடுத்தவர் அதைத் தூக்கி எறிந்துவிட்டு இன்னொரு 25 வீட்டுக்குப் போக மாட்டார். திரைக்கு முன்னால் இருப்பவர் ஒரு விரலால் அதைச் செய்துவிடலாம், பிடித்த விடை வரும்வரை. அழிறப்பர் தேய்த்த அந்தக் கடதாசி இருந்திராவிட்டால், 95 சதவீத நம்பிக்கை என்பது நூறு சதவீதம் என்ற எண்ணத்தோடு வகுப்பு கலைந்திருக்கும், நானும் மகிழ்ந்திருப்பேன்.

அன்றே மறுபடி செய்தோம். முதல் தட்டில் வந்ததுதான், மதிப்பாக ஒட்டிப் பாதுகாத்தது, 100 ஆயிடைகள். ஆறு தவறின. பிள்ளைகள் அந்த ஆறையும் கொண்டாட்டமாக எண்ணினார்கள்.

பானையும் கொழுந்துச் சாக்கும்

குடித்தொகை பெரிதானால் மாதிரியும் அதே அளவுக்குப் பெரிதாக வேண்டும் என்ற நம்பிக்கை மிகவும் பிடிவாதமானது. 400 பேர் பட்டியலை நூறு தடவை பிரதிசெய்து 40,000 பேராக்கினோம். இடையும் நியம விலகலும் மாறாது. இப்போது எத்தனை பேர் எடுக்க வேண்டும் என்றதற்கு 2,500 என்றார்கள். 25 பேரே எடுத்துப் பார்த்தோம். நியம வழு முன்புபோல ஒன்றைச் சுற்றியே நின்றது. "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்" என்றான் ஒருவன். பானை பெரிதானாலும் பதம் பார்க்க அந்த ஒரு சோறுதான்.

உடனே இன்னொருத்தி மறுத்தாள். அவளுடைய அப்பா கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்தில் நிற்கிறவர். தரம் பார்க்கச் சாக்கின் மேலிருந்து ஒரு பிடி எடுப்பார்களாம், அடியில் கிடக்கிறது கசங்கிச் சூடேறியிருக்குமாம். அந்தப் பழமொழி கலந்து வெந்த சோற்றுக்குத்தான் பொருந்தும், சாக்குக்குப் பொருந்தாது. கணினியில் அதையும் செய்தோம். என் பட்டியலில் முதல் 200 இலக்கங்களும் சரிவு மலைக்காரர். அந்த 200க்குள் மட்டும் எழுமாற்றாக 25 எடுத்தால் இடை 13.5ஐச் சுற்றி, ஆட்டமே இல்லாமல் அழகாக வருகிறது. 100 எடுத்தால் இன்னும் உறுதியாக, இன்னும் அழகாக, அதே பிழை.

பிறகு உண்மையான ஒன்றுக்கு வந்தோம். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நடத்திய வீட்டு வருமான, செலவு அளவீட்டுக்குத் தெரிவான மாதிரி 25,000 வீட்டலகுகள். நாட்டில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீட்டலகுகள் இருக்கின்றன. இது போதுமா என்று யாரும் இப்போது கேட்கவில்லை. முடிவுகள் நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்று துறைகளாகவும் வருகின்றன. 2012 தொகைமதிப்பின்படி தோட்டத்துறை சனத்தொகையில் ஏறத்தாழ 4 சதவீதம். ஒரு பயிற்சிக்காகக் கணக்குப் போட்டோம்: 25,000ஐயும் எளிய எழுமாற்றாக எடுத்தால் தோட்டத்துக்கு 1,000 போல விழும். நியம விலகல் இரண்டுக்கும் ஒரே அளவானால் தோட்டத்துறை இடையின் நியம வழு முழு நாட்டினுடையதைப்போல ஐந்து மடங்கு. அந்த ஆயிரத்தை நுவரெலியா, பதுளை, கண்டி, இரத்தினபுரி என்று பிரித்தால் இன்னும் கூடும். அதனால்தான் அளவீடு செய்கிறவர்கள் துறைவாரியாகப் படைகளாக்கி (தனித்தனிப் பிரிவாக வைத்து ஒவ்வொன்றிலிருந்தும்) எடுக்கிறார்கள் என்று விளக்கினேன்.

அழிறப்பர் பிடித்த மாணவிதான் கை தூக்கினாள். "அப்ப நம்மளப் பத்தின நம்பர்தான் கூட ஆடும், என்ன சேர்?"

இன்னும் சரிவராதது

தவணைப் பரீட்சையில் "குடித்தொகை செவ்வனாகும்" என்று இரண்டு பேர்தான் எழுதினார்கள். முந்தைய வகுப்பும் இந்த வகுப்பும் ஒன்றல்ல, பாடவேளைகளும் ஒன்றுக்கு ஆறாகக் கூடியிருந்தன, ஆகவே இதை வைத்துப் பெரிதாக எதையும் நிறுவ நான் முன்வரவில்லை. பாடத்திட்டத்தில் வேறு அத்தியாயங்களிலிருந்து அந்த நேரத்தைப் பிய்த்தெடுத்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

நம்பிக்கை ஆயிடையின் பொருளில் தோற்றேன். ஒரு குறிப்பிட்ட ஆயிடையைக் கொடுத்து விளக்கச் சொன்னபோது, வகுப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் "இடை இதற்குள் இருப்பதற்கான நிகழ்தகவு 0.95" என்றே எழுதினார்கள். 18 அசையாமல் நிற்கிறது, அசைவது ஆயிடைதான் என்பது திரையில் அவர்களுக்குப் பதியவில்லை. நூறு ஆயிடைகளும் எண்களாக ஒரு நிரலில் கிடந்தன, கோடுகளாகக் கண்ணில் படவில்லை.

அடுத்த வகுப்புக்காக வர்ணக் கடதாசியில் ஒரே நீளத்தில் கீற்றுகள் வெட்டி வைத்திருக்கிறேன். ஆய்வுகூடச் சுவரில் 18இல் மேலிருந்து கீழே ஒரு நூல் கட்டப்படும். முதல் தட்டில் வந்த ஆயிடையை ஒவ்வொருவரும் தன் பெயரெழுதி அதன் இடத்தில் ஒட்ட வேண்டும். நூலைத் தொடாத கீற்றுகளும் சுவரில் அப்படியே இருக்கும்.